மூக்கைப் பிடித்தபடி

அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தபோதும் தவ்ஃபீக்குக்குக் காற்று பிரியவில்லை.

அவன் மனைவி மப்ரூக்காவின் அண்ணன் ஹம்மாதி கார் சாவியோடு வாசலருகே நின்றான். இந்நேரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஸ்ஃபாக்ஸ் சாலையில் நெரிசல் தொடங்கியிருக்கும் என்றான்.

டாக்டர் போனில் சொல்லியிருந்தார். ஆபரேஷனில் சேர்த்துத் தைத்த குடலில் அடைப்பு விழுந்திருக்கலாம். இருட்டுவதற்குள் காற்று பிரியாவிட்டால் கூட்டி வந்துவிடுங்கள். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம். திறந்தால் பையும் திரும்ப வரலாம்.

பை. போன வருடம் முழுக்க வயிற்றின் இடப்பக்கம் மலம் சுமந்து தொங்கிய பை. தங்கை மகளின் கல்யாணத்தில், எல்லோரும் துஆவுக்குக் கையேந்தி அமைதியான நேரத்தில், அவனைக் கேட்காமல் சத்தம் போட்ட பை.

அதன்பிறகு அவன் பள்ளிவாசலுக்குக்கூடப் போகவில்லை.

பையை எடுத்தபின் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காற்று பிரிந்தது. அதை நம்பித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்ததோடு நின்றுவிட்டது.

மப்ரூக்கா பெருஞ்சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். கூடத்தில் நடக்கவைத்தாள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் அசைத்தான்.

"ஊரே உன் ஒரு குசுவுக்காகக் காத்துக் கெடக்கு மாப்ளே. இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது."

ஹம்மாதி சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஹம்மாதியும் சிரிக்கவில்லை.

தொழுதுவிட்டுப் போகலாம் என்றான் தவ்ஃபீக்.

கைகால் முகம் கழுவி ஒளு செய்தான். பை இருந்தபோது ஒளு தங்காது என்று அவனுக்குச் சலுகை இருந்தது. இப்போது அவனும் எல்லோரையும் போல. காற்று பிரிந்தால் ஒளு முறியும், மறுபடி கழுவ வேண்டும். தொழுகைக்கு நடுவே அப்படி ஆகிவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிவிடுவது வழக்கம். மூக்கில் ரத்தம் வந்துவிட்ட மாதிரி. பார்த்தவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒருவன் மானத்தை எல்லோருமாகச் சேர்ந்து மூடிவைக்கும் பழக்கம்.

ஹம்மாதி முன்னின்று ஓதினான். வலப்பக்கம் நாற்காலியில் தவ்ஃபீக். பின்னால் மப்ரூக்கா.

தொழுகை விரிப்பின் ஓரத்தில் கார் சாவி கிடந்தது. தவ்ஃபீக்கின் பார்வை அதைவிட்டு நகரவில்லை.

ஓதல் நீண்டது. ஆபரேஷன் அறையின் குளிர்ந்த மேசை. முகத்தின் மேல் இறங்கும் மயக்கமருந்து மூடி. கண்விழித்து, போர்வைக்குள் கையை விட்டு, இடப்பக்கம் தடவிப் பார்க்கப்போகும் அந்த நொடி.

அவன் கை மெல்ல எழுந்து மூக்கைப் பிடித்தது.

சுவரைத் தொட்டபடி தொழுகையைவிட்டு நடந்தான்.

பின்னால் ஒரு விம்மல் கேட்டது. தொழுகையில் நின்றால் வீடே இடிந்தாலும் வாய் திறக்காதவள் மப்ரூக்கா.

"அல்ஹம்துலில்லாஹ். அண்ணே, சாவிய உள்ள வையி. நான் சூப்ப சூடு பண்றேன்."

தவ்ஃபீக் குளியலறைக் கதவைத் தாழிட்டான். அவர்களுக்குக் கேட்கும்படி குழாயை முழுக்கத் திறந்துவிட்டான்.

வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்தான். காலையில் இருந்ததைவிட இறுகியிருந்தது.

பிறகு, முறியாத ஒளுவின் மேல் மறுபடியும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினான்.