பதினைந்தாவது பிழை

"செடி சாகணும்மா" என்றார் அறிவியல் வாத்தியார்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் இணையதளம் அது. படிப்பது மட்டுமல்ல, திரையிலேயே செய்தும் பார்க்கலாம். ஊசலை ஆட்டலாம், பல்பை எரியவிடலாம், ஆளுக்கொரு அவரை விதை போட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்க்கலாம். அத்தனையும் அவள் எழுதியது. பட்டம் கிடையாது, தானாகக் கற்றுக்கொண்ட வேலை. இப்போது தளத்தைத் திருத்திப் புதிதாக வெளியிடப் போகிறார்கள். வாத்தியார் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியீடு.

மனிதர் ஏற்கெனவே பதிமூன்று பிழை கண்டுபிடித்திருந்தார். ஊசலின் நிழல் தப்பான பக்கம் விழுகிறது என்பது வரைக்கும். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'சிவப்பு மை'.

பதினான்காவது, இந்தச் செடி. தண்ணீர் ஊற்றாவிட்டால் வளராமல் நிற்கிறதே தவிர, சாகமாட்டேன் என்கிறது.

தெரிந்தேதான் அப்படி வைத்தேன் என்றாள் அவள். மருத்துவமனை வார்டில் மாதக்கணக்கில் கிடக்கும் பதினோரு பிள்ளைகள் இந்தத் தளத்தில்தான் படிக்கிறார்கள். மூன்றாம் கட்டிலில் ஒரு பெண் குழந்தை. நர்ஸுகள் வைத்த பெயர் வாலு. கண் விழித்ததும் செடியைத்தான் கேட்குமாம். மருந்து ஏற்றினால் பத்து நாள் தலை தூக்காது.

"எழுந்து வந்து பாக்கறப்ப செடி செத்துக் கிடக்கணுமா சார், அந்தக் குழந்தைக்கு?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"செடிக்கு அதெல்லாம் தெரியாதும்மா. தண்ணி இல்லன்னா ஆறு நாள்ல போயிடும். பிள்ளைங்ககிட்ட பொய் சொல்ற செடி வேணாம்."

அந்த வார்டுக்கு மட்டுமாவது விலக்குக் கேட்டாள். வார்டுக்கு ஒரு அறிவியல், வெளியே ஒரு அறிவியலா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

தேதி நெருங்குகிறது, அவர் சொன்னதைச் செய்துவிடு என்றார் முதலாளி. செய்தாள். ஆறு நாள் தண்ணீர் இல்லையென்றால் சாவு. ஒரே ஒரு வரிதான். எழுதிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"கல்லுல செஞ்ச மனுஷன்" என்றாள் பக்கத்து மேசைக்காரியிடம்.

தளம் வெளியானது. பத்தாம் நாள் வார்டு ஆசிரியை போனில் பேச்சுவாக்கில் சொன்னாள்: வாலு ஒன்பது நாளாக எழுந்திருக்கவில்லை, நாளைக்கு உட்காரும் போலிருக்கிறது.

அவள் பயந்துகொண்டே வாலுவின் பக்கத்தைத் திறந்தாள்.

செடி பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு மொட்டுகூட விட்டிருந்தது. மற்ற பத்தும் அப்படியே, ஒரு வாரமாகத் தளத்தைத் திறக்காத பிள்ளைகளுடையவைகூட.

சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. தான் எழுதிய வரி வேலை செய்யவில்லையா? ஆனால் சோதனைக்காக அவள் போட்டு மறந்த செடி ஒழுங்காகச் செத்துக் கிடந்தது. பின்னே இந்தப் பதினொன்று மட்டும் எப்படி? வரிவரியாகத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. படிக்காதவளிடம் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். சிவப்பு மை கண்ணில் பட்டால் தளத்தையே நிறுத்தச் சொல்வார்.

மாலையில் அவரிடமிருந்தே மின்னஞ்சல் வந்தது. தலைப்பு: 'பிழை 15'.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபடி திறந்தாள்.

'சரிபார்க்கக் கொடுத்த கடவுச்சொல்லை வைத்துத் தினமும் காலையில் வார்டுப் பிள்ளைகளின் செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றி வருகிறேன். நேற்று ஞாபகமறதியில் வாலுவின் செடிக்கு மட்டும் நான்கு தடவை ஊற்றிவிட்டேன். வேர் அழுகவில்லை. அறிவியலுக்குப் புறம்பு. திருத்தவும்.'