தம்பதி செக்கப்

“கல்லீரல் வீங்கிப் போயிருக்கு. இந்தக் குடிப்பழக்கம் எத்தனை வருஷமா?”

டாக்டர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பஞ்சநதம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். வலங்கைமானிலிருந்து தஞ்சாவூர் வரும்வரை பஸ்ஸில் ‘எனக்கு ஒரு கோளாறும் இருக்காது’ என்று ஜம்பம் அடித்துக்கொண்டு வந்த மனிதர்! கேட்டுக்கொண்டிருந்த மனைவி சரசாதான் பாதி வழியிலேயே தூங்கிவிட்டாள். கொஞ்ச நாளாகவே அவளுக்குச் சோர்வு.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் நவநீத்தான் அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்துப் பணம் கட்டி முழுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருந்தான். போன வாரமே ரத்தம் கொடுத்து ஸ்கேனும் எடுத்தாயிற்று. இன்றைக்குத்தான் ரிசல்ட்.

“ஆறு வருஷமா டாக்டர்,” என்று ஒப்புக்கொண்டார் பஞ்சநதம். “பையன் வெளிநாடு போனதுலேர்ந்து. ஊருக்கு யார் வந்தாலும் ரெண்டு பாட்டில் கொடுத்தனுப்புவான். வேண்டாம்னு சொல்ல வாய் வரலை.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“முதல்ல ரெண்டு ரவுண்டுதான். இப்பல்லாம் அஞ்சு போட்டாலும் ஏற மாட்டேங்குது. ஃபாரின் சரக்குலயும் கலப்படம் வந்துடுச்சு போலிருக்கு.”

சரசா முந்தானையைத் திருகிக்கொண்டு தரையையே பார்த்தாள்.

“இன்னியோட நிறுத்தினா மருந்துல தேத்திடலாம். இல்லேன்னா ரெண்டு வருஷம் தாங்கறதே கஷ்டம்.”

பஞ்சநதம் பொலபொலவென்று அழுதேவிட்டார். அடுத்த மாதம் பேரனைப் பார்க்கப் பாஸ்போர்ட்டும் கையுமாகக் காத்திருக்கிற மனிதர், அழாமல் என்ன செய்வார்? “சத்தியமா இனிமே தொட மாட்டேன் டாக்டர்! எப்படியாவது என்னைக் காப்பாத்துங்க!”

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். “உங்களுக்கென்ன சார்? உங்க லிவர் பச்சக் குழந்தை லிவர் மாதிரி இருக்கு. இத்தனை நேரமா நான் பார்த்துக்கிட்டிருக்கறது அம்மாவோட ரிப்போர்ட்!”

பஞ்சநதம் வாயைப் பிளந்தபடி மனைவி பக்கம் திரும்பினார்.

“நீங்க நல்லா இருக்கணுமேன்னுதாங்க,” என்றாள் சரசா, குரல் எழும்பாமல். “ஒவ்வொரு பாட்டில்லேர்ந்தும் முக்கால்வாசிய எடுத்துட்டு டீத்தண்ணிய ஊத்தி வச்சேன்.”

“அடிப்பாவி! எடுத்தத எங்கடி கொட்டின?”

“கொட்டறதா? புள்ள ராப்பகலா உழைச்சு அனுப்பினத வாய்க்கால்லயா கொட்டுவேன்?”