ஆடாத படம்

காலையில் எழுந்ததும் வைகுண்டராஜ் பால் காய்ச்சினான், டி.வி.யைப் போட்டான், நோட்டில் நேரம் குறித்தான். திரையில் வெறும் புள்ளிகள்தான்.

கோடையில் சில நாள் நூறு கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய அயனிப் படலம் ஒன்று உருவாகி, தூரதேசத்து டி.வி. படத்தை இராஜபாளையம் வரை திருப்பி அனுப்பும். அதைப் பற்றிய அவன் கட்டுரை போன மாதம் அச்சாகியிருந்தது.

அன்று மனைவி முத்துப்பேச்சிக்கு முதல் வருடத் திதி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமியார் வந்திருந்தாள்.

"மாடிக்குத் துணி காயப்போடத்தான போனா, மாப்ள?"

"ஆமா அத்தை."

"அம்புட்டு வாயாடி! கடைசியா ஒரு வார்த்தைகூடவா சொல்லலை?"

"இல்லை அத்தை."

சொல்லியிருந்தாள். துணி காயப்போடவும் போகவில்லை. கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"தலை சுத்துது, இறங்கட்டுமா?"

"படம் வந்துருச்சு. செத்த நேரம் அசையாம நில்லு!" என்று கீழேயிருந்து கத்தினான்.

அதன்பின் படம் பதினேழு நிமிடம் ஆடவே இல்லை. நன்றாகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து, நிமிடத்துக்கு நிமிடம் எழுதினான். கட்டுரையே அந்தப் பதிவுதான். எழுதி முடித்துக் கொல்லைக்குப் போனபோதுதான் அவள் விழுந்து கிடந்தது தெரிந்தது.

மேலேயிருந்து அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "சரி, நிக்கேன். நீங்க எழுதுங்க."