ஏழு கொடி, ஏழு பூஞ்சை

லோகநாதனின் தோட்டத்தில் ஏழு திராட்சைக் கொடிகள் தண்டுக்குள் கறுத்துச் செத்தபோது, கிளைகளை நறுக்கிக் கவாத்து வெட்டும் சின்னமாயனின் கத்தரிதான் நோயைப் பரப்பியது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அப்புறம் அவனை எந்தத் தோட்டத்திலும் சேர்க்கவில்லை.

ஆய்வகத்துக்கு அனுப்பிய செத்த தண்டுகளின் சோதனை முடிவு வர இரண்டு வருடம் ஆயிற்று. "ஏழு கொடியிலயும் வேற வேற ரகப் பூஞ்சை இருக்கு சார். ஒரே கத்தரி பரப்பியிருந்தா எல்லாத்துலயும் ஒரே ரகம்தான் இருக்கும். இது காத்துல வந்திருக்கும்" என்றாள் ஆய்வகத்துப் பெண்.

லோகநாதன் நேரே, சின்னமாயன் இப்போது கல் சுமக்கும் செங்கல் சூளைக்குப் போனார். அவன் தலையிலிருந்த கல்லை இறக்காமலே எல்லாவற்றையும் கேட்டான்.

"உன் பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிரு மாயா."

அவன் கல்லை இறக்கி வைத்தான். பிறகு கேட்டான்:

"மிச்சக் கொடியாவது பிழைச்சுதாண்ணே?"