நாலாம் வண்டி

"நாலாம் வண்டியை அங்கிருந்து கிளப்பு. இரண்டாம் தெருவுக்குப் போகச் சொல்லு."

மேடம் சொன்னதும், ஒயர்லெஸ் பெண்ணின் விரல் பொத்தான் மேலேயே நின்றுவிட்டது.

நாலாம் வண்டி மூன்றாம் தெருவில், குழந்தைகள் காப்பகத்தின் மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. அவள் பையன் அதற்குள்தான் இருந்தான். இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறான்.

மெத்தைக் கடையில் பிடித்த தீ. காற்று பஞ்சை வாரி வீசியதில் மூன்று தெருவிலும் பற்றிக்கொண்டது. ஒவ்வொரு வண்டிக்காரரும் தனக்குத்தான் தண்ணீர் வேண்டும் என்று கத்த, இனி எல்லா வண்டியும் என் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்று மேடம் மொத்தப் பொறுப்பையும் கையில் எடுத்துக்கொண்டார்.

தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு விதி உண்டு. தீப்பிடித்த இடத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால், நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். பாசம் புத்தியைக் கெடுத்துவிடுமாம்.

அவள் வாயே திறக்கவில்லை. எழுந்தால் வராந்தாவில் நின்று அழலாம், அவ்வளவுதான். இங்கே இருந்தால் பையனைப் பற்றி ஒரு வார்த்தையாவது காதில் விழும்.

"மேடம், காப்பகத்துல இன்னும் குழந்தைங்க இருக்காங்க. இப்பதான் ஒவ்வொருத்தரா வெளிய தூக்கிட்டு வர்றாங்க."

"தெரியும். சொன்னதைச் சொல்லு."

இரண்டாம் தெருவில் இருப்பது சிலிண்டர் கோடவுன். கோடவுன்காரர் பெரிய இடமாச்சே, தண்ணி அந்தப் பக்கம் ஓடாம என்ன செய்யும் என்று போன் எடுக்கும் அண்ணன் முணுமுணுத்தார். கல்லுக்கு யூனிஃபார்ம் மாட்டிவிட்ட மாதிரி ஒரு பொம்பளை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"நாலாம் வண்டி, இரண்டாம் தெருவுக்குப் போங்க. சிலிண்டர் மேல தண்ணி அடிக்கணும்."

"சரி, கிளம்புறோம்." இளம் குரல் ஒன்று பதில் சொன்னது.

"வாசல்ல நின்னா எட்டாது. உள்ள போய் அடிக்கச் சொல்லு" என்றார் மேடம்.

அதையும் சொன்னாள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்றாலே உயிர் தங்காது, இதில் உள்ளே வேறா?

மேடம் டீ டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். இந்த நேரத்தில் டீ கேட்கிறதா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

திடீரென்று ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தூரத்தில் ஏதோ வெடித்த சத்தம்.

"நாலாம் வண்டி... நாலாம் வண்டி..."

பதில் இல்லை. மூன்றாம் தெருவைக் கூப்பிட்டாள். அங்கேயும் வெறும் இரைச்சல். பையனுக்குக் காலையில் போட்டுவிட்ட மஞ்சள் சட்டை கண்ணுக்குள்ளேயே நின்றது.

கடைசியில் மூன்றாம் தெரு பேசியது.

"குழந்தைங்க எல்லாரும் பத்திரம். காப்பகத்துப் பின்சுவரை ஒட்டித்தான் கோடவுன். நல்லவேளை, ஒரு சிலிண்டரோட நின்னுச்சு. எல்லாம் வெடிச்சிருந்தா இந்தத் தெருவே இருந்திருக்காது."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மேடம், என் பையன் அங்கதான் இருந்தான். நான் எழுந்திருச்சிருக்கணும். மறைச்சுட்டேன்."

"தெரியும். தினமும் நீ அவனை அங்க விட்டுட்டு வர்றதைப் பார்க்கிறேனே."

"அப்புறம் ஏன் மேடம் என்னை எழுப்பல?"

மேடத்தின் கண் ஒயர்லெஸ் பெட்டியை விட்டு நகரவில்லை. டம்ளரில் டீ ஆடை கட்டி, ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் இருந்தது.

பெட்டி கரகரத்தது.

"நாலாம் வண்டி பேசுறேன். தீ அடங்கிருச்சு. எல்லாரும் நல்லா இருக்கோம்." அதே இளம் குரல், இருமியது. பிறகு கொஞ்சம் தணிந்து, "அம்மா, கையில லேசா சுட்டுருச்சு, வேற ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வந்ததும் நீயே மருந்து போட்டு விடு."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"உன்னை எழுப்பியிருந்தா, நானும்தானே எழுந்திருச்சிருக்கணும்."