மேல் கொத்தளம் மூடியிருக்கு

"கேள்வி கேட்டா அதுக்குப் பேரு சண்டையா அண்ணே? சரி, சண்டைன்னே வெச்சுக்குங்க. மேல் கொத்தளம் மூடியிருக்குன்னு சொன்னீங்க. அப்போ அதோ படியில எறங்கி வர்ற குடும்பம் எங்கேருந்து வருது? கடல்லேருந்து நீந்தியா?"

கடலோரக் கோட்டையோட முற்றத்துல நின்னு கைடை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டிருந்தா அவ. வரலாறு படிக்கிற பொண்ணு. வகுப்புல அவளுக்கு 'வக்கீல்'னு பேரு.

கைடு தொப்பியைக் கழட்டினாரு. திரும்ப மாட்டினாரு.

அவ கோபத்துல நியாயம் இருந்துச்சு. மேல ஏறி, பீரங்கி மேடையைக் கண்ணால பார்த்து எழுதாத கட்டுரைக்கு முட்டை மார்க்குன்னு பேராசிரியர் கறாரா சொல்லியிருந்தாரு. இந்தக் கோட்டையைப் பத்தித் தலைகாணி சைஸுல புத்தகம் போட்டவரு. போன வருஷம் வந்த பசங்களுக்கும் மேல மூடித்தான் இருந்துச்சாம். மொத்த வகுப்பும் மார்க்கைக் கோட்டை விட்டுச்சு.

ஏன் பொய் சொன்னீங்கன்னு அவ விடாம கேட்டா. கூடவே வந்திருந்த பேராசிரியரும் சேர்ந்துக்கிட்டாரு. இந்த மாதிரி ஆளுங்களைச் சும்மா விடக் கூடாது, புகார் எழுது, முதல் கையெழுத்து நான் போடறேன்னாரு.

அப்பதான் கைடு வாயைத் திறந்தாரு.

"போன வருஷமே உங்க காலேஜ்லேருந்து என் மேல ஒரு புகார் போச்சும்மா. இன்னொண்ணு போனா என் வேலை போயிடும்."

"அதை வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். வாங்க எல்லாரும், இப்பவே ஏறுவோம். சார், நீங்க முன்னால போங்க."

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாரு, வானத்தைப் பார்த்தாரு. வேற வழியில்லாம ஏறினாரு.

படிக்குக் கடல் பக்கம் கைப்பிடி கிடையாது. கொஞ்சம் ஏறினதும் அவரு கீழ கடலைப் பார்த்துட்டாரு. அப்படியே படியில உட்கார்ந்து, தான் எழுதின புத்தகத்தையே கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

யாரும் கூப்பிடல. கைடே ஓடிப் போய், அவரைச் சுவர் பக்கமாத் திருப்பி, ரெண்டு கையையும் பிடிச்சாரு. மெதுவாத்தான் பேசினாரு. பின்னாடியே நின்ன அவளுக்குக் கேட்டுடுச்சு.

"உயரம்னா பயம், பசங்களுக்குத் தெரிய வேண்டாம், மூடியிருக்குன்னு சொல்லிடுன்னீங்க. ரெண்டு வருஷமும் அப்படியேதானே சார் சொன்னேன்? நீங்க ஏன் ஏறினீங்க? கண்ணை மூடிக்குங்க, நான் எறக்கி விடறேன்."

அவளுக்குக் கோபம் அடங்கல. ஆளு மட்டும் மாறிச்சு.

கீழ வந்து கண்ணைத் திறந்த பேராசிரியருக்கு நேர் எதிர்ல போய் நின்னா.

"பயப்படறது தப்பில்ல சார். மொத்த வகுப்பும் இங்கதான் நிக்குது, எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போன வருஷம் இந்த அண்ணன் மேல போன புகார்லயும் முதல் கையெழுத்து உங்களோடதுதானா?"