மேடேறிய கரடி

ஒரு மழைக்காலத்தில் கரடியின் குட்டியை ஓடை இழுத்துக்கொண்டு போனது. தாய்க்கரடி பின்னாலேயே ஓடியது. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டது. நீர்நாய்தான் குட்டியைக் கரை சேர்த்தது.

அன்றோடு கரடி தேனையும் பலாவையும் குறைத்தது. கீரையும் கிழங்கும் தின்றது. ஒரு பழைய சைக்கிளில் மலைப்பாதை ஏறப் பழகியது. பாதி மேட்டில் இறங்கித் தள்ளும்போதெல்லாம் குரங்கு சிரித்தது.

"என்னக்கா, சைக்கிளை நடக்கக் கூட்டிட்டுப் போறியா?"

"இன்னைக்குத் தள்ளுறேன். மிதிக்கிற நாளும் வரும்" என்றது கரடி.

வெயில்காலம் முடிவதற்குள் தொப்பை வற்றியது. ஒரு காலையில் கரடி இறங்காமலே உச்சிக்குப் போய்த் திரும்பியது. கீழே குட்டி காத்திருந்தது.

"அம்மா, நானும் வரட்டுமா? கனமா இருப்பேனே?"

"பின்னால ஏறு. கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்ற கரடி மறுபடியும் மேட்டைப் பார்த்து மிதித்தது.